மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி: முதலீட்டை விற்கும் தேதியும் மூலதன ஆதாய வரியும்

மார்ச் பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: மீன்பிடித் தடைக்காலத்துச் செலவுக்குப் பணம் எங்கே புரட்டுவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். முன்பெல்லாம் இதற்கு வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். இப்போது பலர் கையில் பங்கும், பலர் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டும் இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் நகையை அடகு வைப்பதும் ஃபண்டை விற்பதும் வரிக்கணக்கில் ஒன்றல்ல.

ராமநாதபுரத்தில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2025 மார்ச் மூன்றாவது வாரத்தில் மண்டபத்திலிருந்து ஒரு படகு உரிமையாளர் வந்தார்.

"அண்ணே, ஃபண்டுல ஏழரை லட்சம் இருக்கு. 2021-ல மொத்தமா அஞ்சு லட்சம் போட்டது. நாளைக்கே எல்லாத்தையும் எடுத்துரலாம்னு பாக்குறேன். எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். வரி கிரின்னு எதுவும் வராதுல்ல?"

"அவசரப்படாதீங்க தம்பி. மொத்தப் பணமும் இந்த மாசமே வேணுமா?"

"இல்லண்ணே. இப்ப மூணு, மூணரை இருந்தாப் போதும். மிச்சம் படகைக் கரையேத்துனப்புறம்தான்."

அந்தப் பதிலில் அவருக்கு 16,250 ரூபாய் மிச்சமாக வழி இருந்தது. அது எப்படி என்று முதல்முறை விற்கப் போகிறவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் மூலதன ஆதாயம். ஐந்து லட்சம் போட்டது ஏழரை லட்சமாக நின்றால் ஆதாயம் இரண்டரை லட்சம். வரி அந்த இரண்டரை லட்சத்தின் மீதுதான். ஏழரை லட்சத்தின் மீது அல்ல. இதையே பலர் தப்பாகப் புரிந்துகொண்டு பயந்து போகிறார்கள். இன்னொன்று, விற்காதவரை வரியே கிடையாது. ஃபண்டின் மதிப்பு செயலியில் எவ்வளவு ஏறினாலும் அது காகித லாபம். விற்ற அன்றைக்குத்தான் அது கணக்குக்கு வருகிறது. சம்பளத்துக்கு வரி எப்போது என்பதை முதலாளி தீர்மானிக்கிறார், வட்டிக்கு வங்கி தீர்மானிக்கிறது. விற்பனை லாபத்துக்கு மட்டும் தேதியை நீங்களே குறிக்கலாம். திட்டமிட இடம் இருப்பது அதனால்தான்.

பன்னிரண்டு மாதக் கோடு

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகள், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகள் இரண்டுக்கும் 12 மாதம்தான் எல்லை. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால ஆதாயம். அதற்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம். 2024 ஜூலை 23-ஆம் தேதி பட்ஜெட்டில் இவற்றின் விகிதங்கள் மாறின. குறுகிய காலத்துக்கு 15 சதவீதமாக இருந்தது 20 ஆனது. நீண்ட காலத்துக்கு 10 சதவீதமாக இருந்தது 12.5 ஆனது. கூடவே ஒரு நன்மையும் வந்தது. ஒரு நிதியாண்டில் (ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை) நீண்ட கால ஆதாயத்தில் முதல் 1 லட்சத்துக்கு வரி இல்லை என்றிருந்ததை 1.25 லட்சமாக உயர்த்தினார்கள். வருகிற வரியின் மேல் 4 சதவீதம் செஸ் என்னும் கூடுதல் வரி தனி.

இந்த 1.25 லட்சம் குறுகிய கால ஆதாயத்துக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் இழந்த ஒரு ஆசிரியரின் கணக்கு இன்னும் என் மனதில் உறுத்துகிறது. 2024 மே 13-ஆம் தேதி பங்கு வாங்கியிருக்கிறார். 2025 மே 5-ஆம் தேதி ஒரு லட்சம் ரூபாய் லாபத்தில் விற்றுவிட்டார். பணத்துக்கு அப்போது அவசரமும் இல்லை. "வருஷம் ஆயிருச்சுன்னு நெனச்சேன் சார்" என்றார். ஒன்பது நாள் பொறுத்து மே 14-ஆம் தேதி விற்றிருந்தால் அந்த ஒரு லட்சமும் 1.25 லட்சத்துக்குள் அடங்கி, வரி சுழியம். ஒன்பது நாள் முந்தியதால் கட்டியது 20,800 ரூபாய். விற்பதற்கு முன் வாங்கிய தேதியைப் பாருங்கள் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

மாதாமாதம் எஸ்.ஐ.பி. என்னும் தவணை முதலீடு போடுகிறவர்களுக்கு இது இன்னும் நுணுக்கம். ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனி முதலீடு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் தேதி. ஃபண்டில் நம் முதலீடு யூனிட் என்ற அலகுகளாக இருக்கும்; விற்கும்போது எந்த யூனிட்டை விற்கிறோம் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் வாங்கியதுதான் முதலில் வெளியே போகும். கருவாட்டு வியாபாரி பழைய மூட்டையை முதலில் லாரியில் ஏற்றுவது போல.

உச்சிப்புளியிலிருந்து வரும் ஒரு நர்ஸ் தங்கச்சியின் ஸ்டேட்மென்ட்டை இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். 2023 ஏப்ரலிலிருந்து மாதம் 5-ஆம் தேதி 5,000 ரூபாய். 2025 மார்ச் 20 அன்று அதில் 24 தவணை இருந்தது. செயலியில் மொத்த லாபம் என்று ஒரே ஒரு எண்தான் தெரிந்தது. ஆனால் ஸ்டேட்மென்ட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டோம். 2024 மார்ச் 5 வரை போட்ட முதல் 12 தவணை கோட்டுக்கு மேலே, நீண்ட காலம். 2024 ஏப்ரல் 5 முதல் போட்ட 12 தவணை கோட்டுக்குக் கீழே, குறுகிய காலம். அவருக்குத் தேவைப்பட்ட பணம் மேல்பாதியிலேயே கிடைத்தது. எனவே அந்த யூனிட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் போட்டு விற்றார். ரூபாயாகப் போடாமல் யூனிட் எண்ணிக்கையாகப் போடுவது நல்லது. அன்றைய விலை மாறினாலும் கோட்டைத் தாண்டாது.

படகுக்காரர் கணக்கு

இப்போது மண்டபத்துத் தம்பியிடம் வருவோம். மொத்தத்தையும் மார்ச்சிலேயே விற்றால் ஆதாயம் 2,50,000. அதில் 1,25,000 கழிந்தால் மிச்சம் 1,25,000. அதற்கு 12.5 சதவீதம் 15,625, செஸ் 625, ஆக மொத்தம் 16,250 ரூபாய்.

பாதி யூனிட்டை மார்ச் 31-க்குள்ளும் மீதிப் பாதியை ஏப்ரல் 1-க்குப் பிறகும் விற்றால்? நிதியாண்டு மாறிவிடுகிறது. முதல் பாதியில் ஆதாயம் 1,25,000. அது 2024-25 கணக்கில். அடுத்த பாதியில் 1,25,000. அது 2025-26 கணக்கில். இரண்டு ஆண்டுக்கும் தனித்தனி 1.25 லட்சம் உண்டு. வரி சுழியம். நம் கரைக்காரர்களுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது: தடைக்காலம் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால் நிதியாண்டு மாறுகிறது. அட்வான்ஸ் பணம் மார்ச்சில், வேலைப் பணம் ஏப்ரலில்.

ஒரு ஆண்டில் பயன்படுத்தாத 1.25 லட்சம் அடுத்த ஆண்டுக்கு வராது. அந்த மார்ச் 31-உடன் போய்விடும். அதேபோல, ஏப்ரலிலேயே அதைப் பயன்படுத்திவிட்டால் அடுத்த மார்ச் வரை வேறு எதை விற்றாலும் முதல் ரூபாயிலிருந்தே வரி என்பதையும் மறக்கக் கூடாது.

தம்பி முதல் பாதியை மார்ச் 26-ஆம் தேதி விற்றார். கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்த ஆண்டு மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை. அதற்கு முந்தின இரண்டு நாள் சனி, ஞாயிறு. எனவே சந்தையின் கடைசி வேலை நாள் மார்ச் 28 வெள்ளிக்கிழமை. அது தெரியாமல் 31-ஆம் தேதி காலையில் விற்கலாம் என்று இருந்தவர்களுக்கு ஒரு வருடத்துச் சலுகையே போயிற்று. ஃபண்டுக்குப் பிற்பகல் 3 மணிக்குள் ஆர்டர் போனால்தான் அன்றைய விலை, அன்றைய தேதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதி விஷயத்தில்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. "பத்தாந்தேதி வாக்குல வித்துக்கிறேண்ணே, எதுக்கு அவசரம்" என்றார். தேவை இருப்பது உறுதியானால் ஏப்ரல் 1-ஆம் தேதியே விற்கச் சொன்னேன். விற்றார். அன்றைக்குப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 1,390 புள்ளி சரிந்தது. மார்ச் 28 முடிவிலிருந்து கணக்குப் போட்டால் 1.8 சதவீதம். ஃபண்டும் சந்தையோடு அதே அளவு இறங்கியதாக வைத்தால், மூன்றே முக்கால் லட்சத்துக்கு 6,750 ரூபாய் குறைவு. வரியில் மிச்சமானது 16,250. சரி, அப்போதும் லாபம்தான்.

ஆனால் ஏப்ரல் 7-ஆம் தேதி சந்தை ஒரே நாளில் 2,226 புள்ளி விழுந்தது. மார்ச் 28-லிருந்து அந்த மாலை வரை சேர்த்துப் பார்த்தால் 5.5 சதவீதச் சரிவு. அன்றுவரை காத்திருந்து அன்றைக்குப் பயந்து விற்றிருந்தால் குறைவு 20,600 ரூபாய்க்கு மேல். மிச்சம் பிடித்த வரியை விட அதிகம்.

எத்தனை பேருக்கு ரிட்டர்ன் போட்டாலும் நான் விடாமல் சொல்வது இதைத்தான். விற்பதா வேண்டாமா என்பதை உங்கள் தேவை முடிவு செய்யட்டும். எந்தத் தேதி, எத்தனை யூனிட் என்பதில் மட்டும் வரியைக் கேளுங்கள். வரிக்காக ஒரு வாரம் தள்ளலாம், பத்து நாள் தள்ளலாம். பள்ளிக் கட்டணத்துக்கும் ஆபரேஷனுக்கும் வைத்திருக்கும் பணத்தை வரிக்காக ஆறு மாதம் சந்தையில் நிறுத்துவது, புயல் எச்சரிக்கை வந்த பிறகு வலையெடுக்கப் போவது மாதிரி.

"பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லையாமே?"

தம்பியும் இதைக் கேட்டார். 2025 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு கேட்காதவர்களே இல்லை. புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது என்பது உண்மை. ஆனால் அது வரித் தள்ளுபடி, அதாவது கணக்கிட்ட வரியைக் கழித்துவிடுவது. சிறப்பு விகிதத்தில் வரி போடப்படும் வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. பங்கு, ஃபண்ட் ஆதாயத்துக்கான 12.5-உம் 20-உம் அப்படிப்பட்ட விகிதங்கள்தான். வருட வருமானம் எட்டு லட்சம், ஃபண்டில் நீண்ட கால ஆதாயம் இரண்டரை லட்சம் என்றால், எட்டு லட்சத்துக்கு வரி இருக்காது; ஆதாயத்துக்கு அதே 16,250 கட்டத்தான் வேண்டும். மீன்பிடி வருமானம் விவசாய வருமானம் இல்லை, தொழில் வருமானம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தள்ளுபடி வேறு, அடிப்படை விலக்கு வேறு. புதிய முறையில் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு. வேறு வருமானமே இல்லாதவர் அந்த 4 லட்சத்தை மூலதன ஆதாயத்துக்கு எதிராக வைத்துக்கொள்ளலாம். ஏர்வாடியில் ஒரு அம்மா, கணவர் விட்டுப்போன ஃபண்டைத் தவிர வேறு வருமானம் இல்லை. மூன்று லட்சம் ஆதாயம் வந்தால் வரி வருமே என்று இரண்டு வருடமாக விற்காமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வரியே இல்லை. நீண்ட கால ஆதாயத்தில் 4 லட்சமும் அதற்கு மேல் 1.25 லட்சமும் கழியும், ஆக 5.25 லட்சம் வரை சுழியம். அதைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

இது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் காக்கா (அண்ணன்) ஒருவர், தனக்கு இங்கே வருமானமே இல்லாததால் 4 லட்சம் கழியும் என்று நம்பியிருந்தார். வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது. 1.25 லட்சம் அவருக்கும் உண்டு. ஆனால் ஃபண்ட் நிறுவனம் பணம் தருவதற்கு முன்பே டிடிஎஸ் என்று வரியைப் பிடித்துவிடும். அதிகம் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். ஊருக்குத் திரும்பி நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால், பெரிய விற்பனையை அந்த ஆண்டுக்குத் தள்ள முடியுமா என்று பார்ப்பது பலன் தரும்.

"அப்ப பொண்டாட்டி பேருக்கு மாத்தி விக்கலாமா?" என்று கேட்பார்கள். மனைவிக்கு இலவசமாகக் கொடுத்த பங்கை அவர் விற்றாலும் ஆதாயம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். அம்மாவுக்கோ 18 வயது தாண்டிய பிள்ளைக்கோ கொடுத்தால் அப்படிச் சேராது. வாங்கிய விலையும் தேதியும் உங்களுடையதே தொடரும். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். விற்ற பணம் அவர்களுடையது. பணத்தை மறுவாரமே திரும்ப வாங்கிக்கொள்வதற்காக இதைச் செய்யாதீர்கள்.

நட்டத்தையும் கணக்கில் எடுங்கள்

குறுகிய கால நட்டத்தை இரண்டு வகை ஆதாயத்துக்கும் எதிராகக் கழிக்கலாம். நீண்ட கால நட்டத்தை நீண்ட கால ஆதாயத்தில் மட்டும். கழித்தும் மீந்தால் எட்டு ஆண்டு வரை தூக்கிச் செல்லலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால் மட்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த உரிமை போகும்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. அதே ஆண்டில் வந்த நட்டம் முதலில் கழியும். அதன் பிறகு மிஞ்சியதில்தான் 1.25 லட்சம் விலக்கு. ஆதாயம் 1,10,000, எப்படியும் வரி இல்லை. அந்த நேரத்தில் வரி மிச்சம் பிடிப்பதாக நினைத்து 50,000 நட்டத்தில் இன்னொரு பங்கை விற்றால், அந்த நட்டம் ஒன்றுக்கும் உதவாமல் கரைந்துவிடும். ஆதாயம் 1.25 லட்சத்தைத் தாண்டும் ஆண்டுக்கு அதை வைத்திருங்கள்.

பணமே தேவைப்படாத ஆண்டிலும் இந்த விலக்கைப் பயன்படுத்த வழி உண்டு. மார்ச்சில் 1.25 லட்சம் ஆதாயம் வரும் அளவுக்கு விற்று, அதே பணத்தில் அதே ஃபண்டை மறுபடி வாங்குவது. வாங்கிய விலை ஏறிவிடுவதால் பின்னாளில் வரி குறையும். ஓராண்டுக்குள் வெளியேறினால் பிடிக்கும் கட்டணம், புதிதாகத் தொடங்கும் 12 மாதக் கணக்கு இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்காக இருந்தால் அதே நாளில் வாங்காதீர்கள். ஒரே நாளில் விற்று வாங்கியது அன்றாட வியாபாரமாகக் கணக்காகிவிடும். மறுநாள் வாங்குங்கள்.

கடன் பத்திர ஃபண்டுகளுக்கு இந்தத் திட்டமெல்லாம் செல்லாது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் உங்கள் வழக்கமான வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

நகையும் தோப்பும்

தங்க நகைக்கு எல்லை 24 மாதம். அதற்கு மேல் என்றால் 12.5 சதவீதம், உள்ளே என்றால் வழக்கமான வருமானத்தோடு சேரும். 1.25 லட்சம் விலக்கு நகைக்கும் நிலத்துக்கும் இல்லை. அம்மா கொடுத்த நகை என்றால் அம்மா வாங்கிய விலையும் தேதியும் கணக்கு. 2001 ஏப்ரல் 1-க்கு முந்தையது என்றால் அந்தத் தேதியின் மதிப்பை வைக்கலாம். அடகு வைப்பது விற்பனை இல்லை, வரி இல்லை. பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்குவது விற்பனைதான். கடைக்காரர் சொல்ல மாட்டார்.

நம் கடற்கரையில் தென்னந்தோப்பும் பனங்காடும் விலை போகும் காலம் இது. கிராமத்து விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை. விற்றால் இந்த வரி கிடையாது. கிராமம் என்பதற்கு அளவு இருக்கிறது. ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி போல மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சத்துக்குள் உள்ள நகராட்சி என்றால், அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். சாலை வழியாக அல்ல, காக்கை பறக்கும் நேர்க்கோட்டில். உண்மையில் விவசாயம் நடந்த நிலமாகவும் இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் வரும் நிலத்தை 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியிருந்தால், 12.5 சதவீதம் நேரடியாகவோ, வாங்கிய விலையோடு விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்து 20 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம். பத்திரம் போடுவதற்கு முன் தாசில்தார் அலுவலகத்தில் தூரச் சான்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரி கட்ட வேண்டிய நிலை வந்து, வருடத்து மொத்த வரி 10,000 ரூபாயைத் தொடுகிறது என்றால் ரிட்டர்ன் வரை காத்திருக்காமல் முன்வரியாகக் கட்ட வேண்டும். கடைசித் தவணை மார்ச் 15. அதற்குப் பிறகு விற்றதன் வரியை மார்ச் 31-க்குள் கட்டினால் வட்டி வராது.

வரி சுழியம் என்றாலும் ரிட்டர்ன் போடுகிறவர் விற்பனையை அதில் காட்டத்தான் வேண்டும். பான் எண் வழியாக ஒவ்வொரு விற்பனையும் துறைக்கு முன்பே தெரியும். மண்டபத்துத் தம்பி இரண்டு வருடத்து ஆதாய ஸ்டேட்மென்ட்டையும் அச்செடுத்துப் படகுப் பதிவுப் புத்தகத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார். மார்ச் 26, ஏப்ரல் 1 இரண்டு தேதிகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்.